பந்துக்காரனுக்கு ஒரு வேலை

இந்தியக் கால்பந்தில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் யார் யார் என்று கல்கத்தாவில் வயதானவர்களைக் கேட்டால் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். முதல் இருவரும் வங்காளத்துக்காரர்கள். மூன்றாமவர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. செகந்தராபாத் ராணுவப் பாளையத்தை ஒட்டிய அம்முகுடாவில் 1936-இல் பிறந்த துளசிதாஸ் பலராம், 2023 பிப்ரவரி 16 அன்று தமது 86-ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார். நம் பக்கத்தில் அந்தச் செய்தியை எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள்? ஏதோ ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்கோருக்குக் கீழே கண்ணில் பட்டு மறைந்திருக்கும்.

செகந்தராபாத்தில் பிறந்து, கல்கத்தாவில் ஆடி, ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து முடித்த ஒருவரைப் பற்றி எழுதும்போது சென்னையை ஒட்டிய நம் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேலைதான். பலராமின் கதையில் கோல்களைப் பார்ப்பவர்கள் கோல்களைப் பார்க்கட்டும். எனக்கு அதில் கண்ணில் படுவது அவருக்குக் கிடைத்த ரயில்வே வேலை. பந்து ஆடுகிற பையனுக்கு வேலை கொடுக்க ஒரு காலத்தில் இந்த நாட்டில் நிறைய பேர் இருந்தார்கள். சென்னையிலிருந்து இந்த இரண்டு ஊர்களுக்கும் போகும் நம் ரயில் பாதைகளின் ஓரத்திலும் இருந்தார்கள்.

முதலில் பலராம்.

வீட்டில் வசதி கிடையாது. காவலர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அடியில் குமிழ் அடிக்கச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டு ஆடினார் என்பார்கள். இந்திய அணியின் பயிற்சியாளரும் ஹைதராபாத் கால்பந்தைக் கட்டி எழுப்பியவருமான எஸ்.ஏ. ரஹீம் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். அம்முகுடாவிலிருந்து நகரத்துக்கு வந்து போக வாடகைச் சைக்கிளுக்குக் கூடப் பையனிடம் காசு இல்லை. அதற்கும் ரஹீம்தான் வழி செய்தார். ஆடத் தெரிந்த பையனைக் கண்டுபிடித்தால் போதாது, அவன் மைதானம் வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்தபோது பலராம் அணியில் இருந்தார். வயது இருபதுதான். அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது. 1960-இல் ரோம். இந்தியா விழுந்த பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரி அணியில் ஃபுளோரியன் ஆல்பர்ட் ஆடினார், பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். அந்த ஹங்கேரியிடம் இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் 1-1 சமன். அதோடு சரி, இந்தியக் கால்பந்து அணி அதற்குப் பிறகு ஒலிம்பிக் போனதே இல்லை.

1961-இல் பலராம் ஈஸ்ட் பெங்காலின் கேப்டன். அந்த ஆண்டு கல்கத்தா லீகை அணி வென்றது. லீகில் அதிக கோல் அடித்தவரும் அவரே, 23 கோல்கள். 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி இறுதியாட்டம். இந்திய அதிகாரி ஒருவரின் பேச்சால் ஆத்திரமடைந்திருந்த கூட்டம், அரங்கம் நிறைய உட்கார்ந்து இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கத்தோடு திரும்பினார்கள். அந்த அணியின் பட்டியலைப் படித்தால் நமக்குப் பழக்கமான பெயர்கள் வரிசையாக வரும்: பலராம், பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசித் தங்கம் அது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டே, 1963-இல், பலராமின் ஆட்டம் நின்றுபோனது. நுரையீரல் நோய். வயது 27. இன்றைக்கு அந்த வயதில்தான் ஒரு ஆட்டக்காரன் பெரிய ஒப்பந்தத்துக்கே கையெழுத்துப் போடுகிறான்.

ஈஸ்ட் பெங்காலை விட்டு அவர் வந்து சேர்ந்திருந்தது பி.என்.ஆர். அணி. பெங்கால் நாக்பூர் ரயில்வே. ரயில்வேக்குப் பெயர் மாறிய பிறகும் அணிக்கு அந்தப் பழைய பெயரே நிலைத்தது. அணியோடு வேலையும் வந்தது. மூச்சு இழுக்க முடியாத நிலையில் பூட்ஸைக் கழற்றியவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. பின்னாளில் அதே அணிக்குப் பயிற்சி கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சுனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, இவருக்கு 1962-இன் அர்ஜுனா விருதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது, அதை மறைத்து வைக்கவும் இல்லை. அரசாங்கம் அவரை மறந்தது உண்மை. ரயில்வே மறக்கவில்லை என்பதும் உண்மை. ஆட்டம் இருபத்தேழில் முடிந்தும் எண்பத்தாறு வரை ஒரு மனிதர் யார் வாசலிலும் போய் நிற்காமல் வாழ்ந்தார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது.

பீட்டர் தங்கராஜ் அதே பட்டியலின் இன்னொரு பக்கம். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர், 1935-இல். ஆறடிக்கு மேல் உயரம். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு வந்தார். முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை அங்கேதான் கோலுக்கு நடுவில் நிறுத்தினார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மலை முகாமின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வாங்கியது என்பதை நீலகிரிக்காரர்களே இன்று நம்ப மாட்டார்கள். 1958-இல் தங்கராஜ் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானார். பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. 2008-இல் பொகாரோவில் இறந்தார். அது ஓர் உருக்காலை நகரம்.

இவர்கள் இருவரையும் உருவாக்கியது திறமைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தத் திறமையைத் தாங்கிப் பிடித்தவர்கள் ராணுவமும் ரயில்வேயும். கிளப்புகள் ஆட்டத்தைக் கொடுத்தன, நிறுவனங்கள் சோற்றைக் கொடுத்தன.

இப்போது நம் பாதைக்கு வரலாம். கும்மிடிப்பூண்டி ரயிலும் திருவள்ளூர், அரக்கோணம் போகும் ரயிலும் பேசின் பிரிட்ஜில் பிரிகின்றன. பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் ஜன்னலில் தெரிவது பெரும்பாலும் ஆலைச் சுவர்கள். மேற்கே பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள், அதையடுத்து 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப்.; அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிளும் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கி இன்று கேட்டர்பில்லர் பெயரில் ஓடும் ஆலை. வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு, விம்கோ. எண்ணூரில் அசோக் லேலண்ட். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் கம்பி ஆலைகளும். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை போய்விட்டது. ரயில் நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் அதன் பெயர் மட்டும் மிச்சம்.

பழைய ஆலைகளில் கேன்டீன் எப்படி ஒரு பகுதியோ, அப்படி மனமகிழ் மன்றமும் ஒரு பகுதி. மன்றம் என்றால் ஒரு கேரம் போர்டு, ஒரு நாடகக் குழு, ஓர் அணி. பெரிய நிறுவனமாக இருந்தால் சென்னை லீகில் ஆடும் அணி. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித் துறை, கணக்காயர் அலுவலகம், இந்திய உணவுக் கழகம், இந்தியன் வங்கி என்று சென்னை லீகின் அணிப் பட்டியலைப் படித்தால் அரசாங்க டைரக்டரியைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக் வரை போய் ஆடியது.

அது நடந்த விதம் எளிது. ஆண்டுக்கு ஒரு முறை தேர்வு வைப்பார்கள். நன்றாக ஆடும் பையனை எழுத்தராகவோ கலாசியாகவோ எடுப்பார்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் பயிற்சிக்குப் போகலாம். ஆட்டம் இருக்கும் நாள் பணி நாளாகவே கணக்காகும். மாநிலத்துக்கு, நாட்டுக்கு ஆடினால் கூடுதல் இன்க்ரிமென்ட். முப்பத்தைந்து வயதில் கால் ஓய்ந்தால் அதே மேசைக்குத் திரும்பி வந்து கோப்பைப் பார்க்க வேண்டியதுதான். பிறகு ஓய்வூதியம். பெரம்பூர், வில்லிவாக்கம் குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாமாக்களைத் தெரியும். மாலையில் லுங்கியோடு கிரவுண்டு ஓரத்தில் நின்று சின்னப் பையன்களைத் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் இடது காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. வேலை கிடைத்ததும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். தேர்வில் சிபாரிசு ஓடியது. துறை அணிகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆடியதில் ஆட்டத்தின் வேகம் ஆசியாவின் வேகத்தோடு சேரவில்லை. ஜப்பானும் கொரியாவும் முழுநேர ஆட்டக்காரர்களை வளர்த்தபோது நாம் அரைநாள் எழுத்தர்களை வைத்துக்கொண்டிருந்தோம் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. பெண்களுக்கோ அந்த மைதானத்தில் இடமே இருக்கவில்லை. பலராமின் நோயை நேரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்ய அன்றைய கிளப்புகளில் ஒழுங்கான மருத்துவரும் இல்லை.

வெளிநாட்டில் மட்டும் அன்று எல்லாம் சரியாக இருந்ததா? நம்மைப் போலவே சுரங்கமும் உருக்காலையும் சார்ந்த ஒரு சின்ன நாட்டைப் பாருங்கள், வேல்ஸ். ஸ்வான்சியில் 1931-இல் பிறந்த ஜான் சார்லஸ் பலராமின் சமகாலத்தவர். லீட்ஸில் ஆடிய அவரை 1957-இல் இத்தாலியின் யுவென்டஸ் 65,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒரு பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இங்கிலாந்திலோ அப்போது ஓர் ஆட்டக்காரனின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, அது நீங்க 1961 ஆனது. டுரின் நகரத்தில் சார்லஸைக் கொண்டாடினார்கள், முன்களத்திலும் தடுப்பிலும் ஒரே தரத்தில் ஆடக்கூடியவர். 1958 உலகக் கோப்பையில் வேல்ஸ் காலிறுதி வரை போனது. காயத்தால் சார்லஸ் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. பதினேழு வயதுப் பெலே அடித்த ஒரே கோலில் பிரேசிலிடம் தோற்றார்கள். அடுத்து வேல்ஸ் உலகக் கோப்பையில் கால் வைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமக்கு இங்கே வேண்டியது அதற்குப் பிந்திய பகுதி. ஆட்டம் முடிந்து ஊர் திரும்பிய சார்லஸ் மதுவிடுதி நடத்தினார், கடை நடத்தினார், எதுவும் கை கொடுக்கவில்லை. கடன் நெரித்தது. யுவென்டஸ் ரசிகர்கள் தம் அணியின் மிகச் சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களுள் ஒருவராக நினைக்கும் மனிதர், வயதான காலத்தில் வரிபாக்கிக்காக அலைந்தார். புகழில் சார்லஸுக்கும் பலராமுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் மாதக் கடைசியில் நிம்மதியாகத் தூங்கியவர் உத்தர்பாராவில் இருந்தவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி இன்று.

ஈஸ்ட் பெங்கால் சட்டையிலேயே தொடங்கலாம். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டம். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து மோகன் பகானிடம் தோற்றுக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அன்று 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். பலராம் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அறுபது ஆண்டுக்கு முன்பு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கேப்டனாக இருந்த அணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து இன்னொருவர் போய் அந்தக் கோலை அடித்திருக்கிறார். நம் தொலைக்காட்சிகள் இரண்டையும் சேர்த்து ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நந்தகுமாருக்கு முன்னால் தனபால் கணேஷ். வியாசர்பாடிக்காரர். வியாசர்பாடி ஜீவா நிலையம் திருவள்ளூர் பாதையில் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிறுத்தம். அந்தப் பகுதியின் பெயரைச் செய்தித்தாள்கள் எதற்காகவெல்லாம் எழுதின என்பது தெரிந்ததுதான். அதே இடத்தில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளை மாலையில் பந்தோடு சேர்த்துப் பள்ளிக்கும் அனுப்பிய உள்ளூர்க்காரர்களின் உழைப்பு தனிக் கட்டுரைக்கு உரியது. கணேஷ் அங்கிருந்து இந்திய அணி வரை போனார். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியில் சென்னையின் எஃப்சிக்காக ஒரு கோல் அடித்தார். அடுத்த சில நாளில் அணி கோப்பையைத் தூக்கியது. அதற்கடுத்த பருவத்தையே முழங்கால் காயம் விழுங்கிவிட்டது. பலராமுக்கு நுரையீரல், இவருக்கு முழங்கால், உடம்பு கைவிடுவது எந்தக் காலத்திலும் ஒன்றுதான். மருத்துவமும் உடற்பயிற்சி நிபுணர்களும் இன்று எவ்வளவோ மேல், மறுக்க முடியாது. ஆனால் சம்பளம் ஒப்பந்தத்தின் கடைசித் தேதி வரைதான்.

ஒப்பந்தம் எவ்வளவு மெல்லிய கயிறு என்பது 2025-இல் எல்லோருக்கும் தெரிந்தது. ஐ.எஸ்.எல். லீகை நடத்தும் வணிக உரிமை முடியப் போகிறது, புதிதாக எதுவும் எழுதப்படவில்லை என்று ஜூலையில் அடுத்த பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் எஃப்சி உட்பட சில அணிகள் வேலைகளை நிறுத்தின. எப்போது பயிற்சி, எப்போது ஆட்டம், சம்பளம் உண்டா என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை பேர்! இன்று அந்த அணியே களத்தில் இல்லை. வென்ற அணி கலைந்துபோவது பழைய ஏற்பாட்டில் கேட்டிராத விஷயம். சுங்கத்துறை தோற்றாலும் சுங்கத்துறை இருக்கும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் நிலைமை இன்னும் வெளிச்சமாகத் தெரியும். சிப்காட்டைத் தாண்டித் தேர்வாய்க் கண்டிகையில் இன்னொரு தொழிற்பூங்கா, அங்கே மிஷ்லின் டயர் ஆலை. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்தால் ஸ்ரீசிட்டி. இந்த முக்கோணத்துக்குள் இருக்கிற ஆலைகளைப் போல ஐம்பதுகளின் பெரம்பூரில் இருந்ததா என்ன? இரும்பு, டயர், மின்சாதனம், உதிரிபாகம் என்று எல்லாம் உண்டு. இந்தத் தொழிற்சாலைகளின் அணிகள் என்று சொல்லிப் பார்க்க எனக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

காரணம் ஆலை முதலாளிகளின் கல்நெஞ்சு என்று எளிதாக எழுதிவிடலாம். அப்படியில்லை. உள்ளே வேலை செய்பவர் யார் என்று பாருங்கள். உருக்காலைச் சூட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். உள்ளூர்ப் பையன்கள் டிப்ளமோ முடித்து டிரெய்னி என்ற பெயரில் ஓரிரு ஆண்டு, பிறகு வேறு கம்பெனி. ஓர் அணி உருவாகக் குறைந்தது நான்கைந்து ஆண்டு ஒரே ஆட்கள் சேர்ந்து ஆட வேண்டும். அடுத்த ஆண்டு யார் எந்த கேட்டில் நுழைவார்கள் என்று தெரியாத இடத்தில் அணி எப்படிக் கூடும்? மாறும் ஷிப்டு, அதற்கு மேல் ஓவர்டைம், கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் நேரம் எல்லாம் போக மாலை நான்கு மணி என்ற ஒன்றே இவர்கள் வாழ்க்கையில் கிடையாது. அந்த அஸ்ஸாம், வங்காளத்துப் பையன்களில் பலர் நம்மைவிட நன்றாகப் பந்து ஆடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பது இதில் உறுத்துகிற இன்னொரு விஷயம்.

பந்து செத்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது. புறநகரெங்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் வந்துவிட்டன. பச்சைப் பிளாஸ்டிக் புல், நான்கு பக்கமும் வலை, இரவு பன்னிரண்டு மணிக்கும் எரியும் விளக்கு. ஐ.டி. வேலை முடித்த இளைஞர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டு ஆடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பணம் கொடுக்க முடியாத பையன் வலைக்கு வெளியே நிற்கிறான். பழைய கிரவுண்டுக்கு வேலி இல்லை, கட்டணமும் இல்லை. கண்ணாடித் துண்டு மட்டும் கிடக்கும். கிராமத்துப் பக்கம் பொங்கலுக்கும் யாராவது ஒருவரின் நினைவு நாளுக்கும் ஃபிளெக்ஸ் கட்டிப் போட்டி வைக்கிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் அவிழ்த்த பிறகு அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

பழைய ஏற்பாடு இன்று உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு. அன்று யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களிடம்தான் அது இருக்கிறது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது இந்தியாவுக்கு ஆடியவர் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரை வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் வாங்கியது. நடுவில் 2019-இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீகை வென்றது. ஆண்கள் அணி பக்கத்தில்கூட நிற்க முடியாத கணக்கு இது. இந்தப் பெண்களில் பலர் சிற்றூர்களிலிருந்து, கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வீடுகளில் "பொண்ணு பந்து ஆடி என்ன கிடைக்கப்போகுது?" என்று கேட்டவர்களுக்கு இந்துமதியின் காக்கிச் சட்டை பதில் சொல்லியிருக்கும். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு நம் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அரசு ஒன்றே எத்தனை பேரை எடுக்க முடியும்?

மீதிப் பொறுப்பு ஆலைகளுடையது. 2013-இன் கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நாம் அதிகம் பார்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி, பெயர் அச்சடித்த ஜெர்சி, மேடையில் ஆளுயரக் காசோலை. அந்தப் பணத்தில் ஒரு மைதானத்தைச் சீர்செய்து பயிற்சியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் எவ்வளவோ மேல். ஆனால் சொந்த ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆட்டக்காரனுக்கு வேலை கொடுப்பதென்றால் அது நிறுவனத்தின் சொந்தப் பையிலிருந்துதான் வர வேண்டும். ரயில்வேயும் வங்கிகளும் அப்படித்தான் கொடுத்தன.

எனவே கும்மிடிப்பூண்டி, தேர்வாய், திருவள்ளூர், அம்பத்தூர் ஆலைகளின் மனிதவளத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். ஆயிரம் பேரை வைத்து வேலை வாங்கும் ஆலைக்கு இருபது பேர் சுமையல்ல. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது இருபது இடத்தைப் பந்து ஆடுகிறவர்களுக்கு என்று ஒதுக்குங்கள், அதில் பத்துப் பெண்களாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் பட்டியலில் போடாமல் உங்கள் சொந்தப் பட்டியலில் போடுங்கள். அவர்களுக்குக் காலை ஷிப்டு மட்டும் கொடுத்து மதியத்துக்கு மேல் அனுப்பிவிடுங்கள். கால் உடைந்தால் ஸ்டோரிலோ கணக்குப் பிரிவிலோ உட்கார ஒரு நாற்காலி உண்டு என்பதைப் பணி நியமன ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். நல்ல அணி வேண்டுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆணையை அச்சடியுங்கள்.